ஹிஸ்டரிய அழிச்ச ஞாயித்துக்கிழமை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுக் கம்ப்யூட்டர்ல பிரவுசர் ஹிஸ்டரிய அழிக்கணும். பத்து நிமிஷ வேலை.

ரெண்டாயிரத்து ஆறாம் வருஷம். புனேல கட்கில இருந்தோம். பதினோரு மணிக்கு புனேலயே இன்னொரு பக்கம் இருக்குற பாணேர்ல இருந்து முரளின்னு ஒருத்தர் என்னைப் பாக்க வர்றார். அவர் தங்கச்சி சுகன்யா கோயம்புத்தூர்ல இருக்காங்க. ஜாதகம் பொருந்திடுச்சு. போட்டோ கை மாறிடுச்சு. அண்ணன் வந்து பையனை நேர்ல பாத்துட்டு "சரி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அவங்க அப்பா அம்மா ரயில் ஏறிடுவாங்க. அடுத்தது நிச்சயதார்த்தம்தான்.

சுகன்யா எனக்கு மூணு மெயில் எழுதியிருந்தாங்க. பெரியவங்க அனுமதியோடதான். "எனக்கு ஹிந்தி சுத்தமா வராதுங்க, புனேல காய்கறிக்காரர்கிட்ட எப்படிப் பேசறது?"ன்னு ஒண்ணுல கேட்டிருந்தாங்க. "கையை நீட்டிக் காட்டினா போதும், எங்கம்மா முப்பது வருஷமா அப்படித்தான் வாங்கறாங்க"ன்னு பதில் போட்டேன். அதுக்கு அவங்க சிரிச்சு எழுதின மெயிலை எத்தனை வாட்டி படிச்சேன்னு கேக்காதீங்க. இந்தப் பொண்ணு கிடைக்கலேன்னா நான் ஆடிப் போயிடுவேன்னு எனக்கே தெரிஞ்சு போச்சு.

சரி, ஹிஸ்டரிய ஏன் அழிக்கணும்?

முடி.

எனக்கு அப்ப இருபத்தெட்டு வயசு. ரஞ்சன்காவ்ல ஒரு ஃபேக்டரில பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். தினம் கம்பெனி பஸ்ல போய் வரணும், எனக்கு ஜன்னல் சீட். நான் ரஞ்சன்காவ் போய்ச் சேர்றதுக்குள்ள என் தலைமுடி பாதி நடுவழில வாகோலிலயே இறங்கிடும். கோயம்புத்தூருக்கு அனுப்பின போட்டோ மூணு வருஷம் பழசு. அந்தப் போட்டோல இருக்குற பையனைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கும்.

அதனால ஒரு மாசமா நெட்ல உக்காந்து தேடினேன். "முடி வளர என்ன செய்யலாம்", "பதினஞ்சு நாளில் முடி", "அஞ்சு நாளில் முடி", "ஞாயித்துக்கிழமைக்குள் முடி". கடைசில தேடினது விக்குக் கடை விலாசம்.

இதுல என்ன பிரச்சினைன்னா, எங்க வீட்டுல கம்ப்யூட்டர் ஹால்ல இருக்கு. ஹால்ல எங்க அப்பா இருக்கார்.

அப்பா கட்கில ஒரு ஃபேக்டரி கேட்டுல முப்பது வருஷம் செக்யூரிட்டி டியூட்டி பாத்து ரிட்டயர் ஆனவர். லாரி வந்தா நம்பர், ஆள் வந்தா பேரு, எதுக்கு வந்தான், எப்ப வந்தான், எப்ப போனான், கையெழுத்து. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கே எரநூறு பக்க நீள நோட்டு ஒண்ணு வாங்கி, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டு, மானிட்டர் பக்கத்துல நூல்ல கட்டித் தொங்க விட்டுட்டார். பேனாவும் நூல்ல.

யார் உக்காந்தாலும் எழுதணும். அம்மாவும் எழுதணும். அம்மாவோட எண்ட்ரி ஒண்ணு இன்னும் ஞாபகம் இருக்கு: "உள்ளே 10.05, வெளியே 10.07, நோக்கம்: தூசி துடைத்தது."

நான் தினம் சாயங்காலம் ஏழுல இருந்து ஒம்பது வரைக்கும். நோக்கம்: ஆபீஸ் வேலை. பக்கம் பக்கமா ஆபீஸ் வேலை.

அப்பாவுக்கு நோட்டு போதும், கம்ப்யூட்டருக்குள்ள எட்டிப் பாக்க மாட்டார். அது வரைக்கும் நிம்மதி. ஆனா எண்ணெய் விக்கிற சைட் ஒண்ணுக்கு ஒரே ஒரு தடவ போனேன் பாருங்க, அங்க இருந்துதான் சனியன் பிடிச்சது. அதுக்கப்புறம் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு ஆளு வந்து நிப்பான். இடது பக்கம் மொட்டையா சோகமா இருப்பான், வலது பக்கம் சுருட்டை முடியோட சிரிப்பான்.

கிரிக்கெட் ஸ்கோர் பாத்தா வருவான். ரயில் டைம் பாத்தா வருவான். அம்மா சாமி படம் தேடினாங்க, முருகன் பக்கத்துலயே வந்து நின்னான்.

"யார்றா இவன், போற எடமெல்லாம் வர்றான்?"ன்னு அம்மா கேட்டாங்க.

"விளம்பரம்மா. எல்லாருக்கும் வரும்."

"எதிர் வீட்டு ஜோஷி காகுக்கு வரலையே? அவங்களுக்குப் புடவைல்ல வருது?"

காகுன்னா மராத்தில சித்தி. எங்கம்மா எட்டாங்கிளாஸ்தான். ஆனா இன்டர்நெட் விளம்பரம் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரே கேள்வில புடிச்சுட்டாங்க.

மறுநாள் கம்பெனில சிஸ்டம்ஸ் குல்கர்ணிகிட்ட போய் விசாரிச்சேன். "ஃபிரெண்டு ஒருத்தனுக்கு"ன்னுதான் ஆரம்பிச்சேன். அவன் என் தலையப் பாத்துட்டு, "சரி, ஃபிரெண்டுக்கு"ன்னான்.

"அரே, நீ போற ஒவ்வொரு சைட்டும் உன் கம்ப்யூட்டர்ல ஒரு சீட்டு போட்டு வைக்குது. குக்கின்னு பேரு. நீ அடுத்த சைட்டுக்குப் போனா, அங்க இருக்குற விளம்பரக்காரன் அந்தச் சீட்டை எடுத்துப் படிக்கிறான். 'ஓ, இவன் மொட்டை ஆயிட்டிருக்கான்'னு தெரிஞ்சுக்கறான்."

"யாரைக் கேட்டுப் படிக்கிறான்?"

"உன்னைக் கேட்டுத்தான். முதல்ல ஒரு ஓகே வந்திருக்கும், நீ அமுக்கியிருப்ப."

"நான் எல்லா ஓகேயும் அமுக்குவேனே."

"அதேதான்."

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். எங்கப்பா நோட்டு வெச்சாலும் என் கண் முன்னாடி வெச்சாரு, பேனா கொடுத்துக் கையெழுத்து கேட்டாரு. எவனோ ஒருத்தன் முகமே காட்டாம என் வழுக்கைக்கு எண்ட்ரி போட்டு ஊரெல்லாம் வித்துட்டிருக்கான்.

குல்கர்ணி ஒரு சிடி கொடுத்தான். "இதைப் போடு, எல்லாத்தையும் துடைச்சிடும். அப்புறம் பிரவுசர் செட்டிங்ல ப்ரைவசின்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு கம்பி மேல கீழ நகரும். நடுவுல வெச்சுக்கோ. மேல போயிடாதே"ன்னான்.

இப்ப ஞாயித்துக்கிழமை காலைல பத்தரை மணி. அப்பா குளிக்கப் போயிருக்கார். நான் சிடியப் போட்டேன். எதை அழிக்கணும்னு ஒரு லிஸ்ட் காட்டுச்சு, பதினேழு டிக். நான் பதினேழும் போட்டேன். "நிச்சயமா?"ன்னு கேட்டுது. நான்தான் எல்லா ஓகேயும் அமுக்கற ஆளாச்சே.

அப்புறம் அந்தக் கம்பி. நடுவுல வெக்கறவன் கோழை. நான் உச்சில கொண்டு போய் வெச்சேன். அந்த மொட்டையன் காணாமப் போயிட்டான். ஒரு பய என்னை இனிமே பின்தொடர முடியாதுன்னு கால் மேல கால் போட்டு உக்காந்தேன்.

அப்பா துண்டோட வந்து, "நோட்டுல எழுதினியா?"ன்னாரு. எழுதினேன். நோக்கம்: ஆபீஸ் வேலை.

பதினோரு மணிக்கு டாண்ணு முரளி வந்துட்டார். முப்பது முப்பத்திரெண்டு வயசு, பாணேர்ல சாஃப்ட்வேர் கம்பெனி, ரொம்ப மரியாதையான ஆளு. நான் இடது காது மேல இருந்து முடியை எடுத்து வலது பக்கம் வரைக்கும் ஒரு பாலம் கட்டி, ஜெல் போட்டு ஒட்டியிருந்தேன். மே மாசம், ஹால்ல ஃபேன் ஓடலை. ஃபேன் ரிப்பேர்னு நான்தான் சொன்னேன்.

அம்மா சாபுதானா கிச்சடி, அதாவது ஜவ்வரிசி உப்புமா, கொண்டு வந்தாங்க. பேச்சு நல்லாப் போச்சு. எனக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சு. அவருக்கும் என்னைப் பிடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஏன்னா அவரே சொன்னார்:

"அப்பா அம்மாவுக்கு அடுத்த வாரத்துக்கு டிக்கெட் போட்டு வெச்சிருக்கோமுங்க. வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்குது. கன்ஃபர்ம் ஆயிருச்சான்னு என் மெயில்ல நம்பரைப் பாத்துச் சொல்லட்டுங்களா? உங்க கம்ப்யூட்டர்ல நெட் இருக்குதுங்களா?"

இருக்குதுங்களாவா! ஒரு மாசமா அதுதானே என் பொழப்பு.

முரளி உக்காந்தார். அப்பா கனைச்சார். "தம்பி, அந்த நோட்டுல ஒரு கையெழுத்து."

முரளி சிரிச்சுட்டே எழுதினார். எழுதறப்ப மேல இருக்குற எண்ட்ரியெல்லாம் படிச்சார். "ரொம்ப ஒழைக்கிறீங்க போல. தினம் ரெண்டு மணி நேரம் ஆபீஸ் வேலை"ன்னார். நான் அடக்கமா தலையக் குனிஞ்சேன். உடனே நிமிந்துட்டேன், பாலம் ஆடுச்சு.

அவர் மெயில் திறக்கப் பேரு, பாஸ்வேர்டு போட்டார். திறக்கலை, மறுபடியும் பேரு, பாஸ்வேர்டு கேட்டுது. போட்டார், மறுபடியும் கேட்டுது. நாலு தடவ.

"என்னங்க இது, குக்கி எதையும் வாங்க மாட்டேங்குது?"ன்னு செட்டிங்கைத் திறந்தார். கம்பி உச்சில இருந்துச்சு. புருவம் லேசா ஏறிச்சு. ஹிஸ்டரியைத் திறந்தார். தொடைச்சு வெச்ச தட்டு மாதிரி இருந்துச்சு. அவர் இப்பத் திறந்த மெயில் பக்கத்தைத் தவிர ஒரு வரி கூட இல்லை.

அவர் அப்புறம் நோட்டைப் பாத்தார். திரும்பி ஸ்க்ரீனைப் பாத்தார்.

"சேகர், நேத்து சாயங்காலம் ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்குது. முந்தா நாளும் ரெண்டு மணி நேரம். ஆனா இதுல ஒரு பக்கம் கூட இல்லையே?"

"வைரஸ் வந்துடுச்சுங்க."

"வைரஸ் ஹிஸ்டரியைத் துடைக்காதுங்க. இது ஆளு உக்காந்து துடைச்சது."

இந்த எடத்துல பெத்த அப்பா என்ன செய்யணும்? பேச்சை மாத்தணும். எங்கப்பா மூக்குக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு பக்கத்துல ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்தார். முப்பது வருஷ செக்யூரிட்டி முழிச்சுக்குச்சு.

"அதாவது தம்பி, ஆளு உள்ள வந்ததுக்கு எண்ட்ரி இருக்கு. உள்ள எங்க போனான்னு தடயம் இல்ல. அப்படித்தானே?"

"அப்படித்தானுங்க அங்கிள்."

"அப்போ இது சீரியஸ் விஷயம்"னு என்னைப் பாத்துத் திரும்பினார். "என்னடா ஆபீஸ் வேலை?"

"புரொடக்ஷன் ரிப்போர்ட்டுப்பா."

முரளி மெதுவாக் கேட்டார். "பிரஸ் ஷாப் சூப்பர்வைசருக்கு வீட்டுல நெட்ல என்னங்க ரிப்போர்ட்டு?"

அப்ப எங்கம்மா, மகனைக் காப்பாத்தணும்னு, தட்டோட ஓடி வந்தாங்க.

"அவன் தப்பெல்லாம் பண்ண மாட்டான் தம்பி. இதுல தினம் ஒரு ஆளு வருவான். நான் பக்கத்துல வந்தா இவன் சட்டுனு மூடிடுவான். அவ்ளோதான்."

"யாருங்க அம்மா அந்த ஆளு?"

"பேரெல்லாம் தெரியாது. ரெண்டா வருவான். ஒருத்தன் அழுவான், ஒருத்தன் சிரிப்பான். இன்னைக்கு என்னமோ காணோம்."

முரளி எழுந்துட்டார். சட்டைய நீவி விட்டுக்கிட்டார். "ஒரு மனுசன் இத்தனை கஷ்டப்பட்டு எல்லாத்தையும் அழிக்கறார்னா அதுக்கு ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு வேற பொண்ணு, இல்லேன்னா பாக்கக் கூடாத படம். ரெண்டும் என் தங்கச்சிக்கு நல்லதில்ல. நான் வீட்டுல பேசிட்டு சொல்றேனுங்க."

வீட்டுல பேசிட்டு சொல்றேன். கல்யாணப் பேச்சுல இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கன்னியாகுமரில இருந்து கட்கி வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அம்மா தட்டை அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அவர் செருப்பு மாட்டறார். மூணே மூணு மெயில் எழுதின பொண்ணு, குரல் கூடக் கேட்டதில்ல, ஆனா அவங்க போறது தாங்கலை.

கத்திட்டேன். "முடிங்க! முடி கொட்டுதுங்க!"

ஜன்னல் திறந்திருந்துச்சு. எதிர் வீட்டு பால்கனில துணி காயப் போட்டுட்டிருந்த ஜோஷி காகு நிறுத்திட்டு திரும்பிப் பாத்தாங்க.

"முடி வளர்ற மருந்துதாங்க தேடினேன். ஒரு மாசமா. வேற ஒண்ணும் இல்லீங்க."

"நிஜமாலுமா?"ன்னார் முரளி. "எங்க, காட்டுங்க?"

எதைக் காட்டறது? அதைத்தான் பதினேழு டிக் போட்டு அழிச்சாச்சே. நான் யோக்கியன்னு சொல்ல உலகத்துல இருந்த ஒரே சாட்சி அந்த மொட்டையன். அவனையும் காலைல பத்தரை மணிக்கு நானே தொரத்தி விட்டுட்டேன்.

நேரா உள்ள போனேன். கட்டிலுக்கடியில இருந்த அட்டைப் பெட்டியை இழுத்துட்டு வந்து டீப்பாய் மேல கிச்சடி பக்கத்துல ஒண்ணொண்ணா எடுத்து வெச்சேன். வெங்காயத் தைலம். கறிவேப்பிலைத் தைலம். கோந்த்வால ஒரு சந்துல வாங்கின, பேரே போடாத கறுப்புத் தைலம். ஒரு பிரஷ். விக்குக் கடைக்காரன் தலை அளவு எடுத்துக் கொடுத்த சீட்டு. அப்பா நோட்டை எடுத்து வரிசையா எழுத ஆரம்பிச்சுட்டார். "தைலம், கறுப்பு, பாதி காலி"ன்னு வாய் விட்டுச் சொல்லிட்டே எழுதறார்.

வேகத்துல அம்மா ஃபேனைப் போட்டுட்டாங்க. ஃபேன் நல்லாவே ஓடுச்சு. என் பாலம் மொத்தமாக் கிளம்பி காதுப் பக்கமாத் தொங்குச்சு.

முரளி சிரிக்கலை. அதுதான் இன்னும் கொடுமை. "இதைத்தான் மறைச்சீங்களா? கதவைத் திறந்தப்பவே பாத்துட்டனே நானு"ன்னார். செல்ஃபோன்ல தங்கச்சியைக் கூப்பிட்டு, ஹிஸ்டரியை அழிச்ச கதையைச் சொல்லிட்டு என் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க. கட்டிக்கப் போறது அவ. நீங்களே சொல்லிடுங்க."

ஸ்பீக்கர்ல போட்டு டீப்பாய் மேல, தைலத்துக்கு நடுவுல வெச்சார். அப்படித்தான் நான் என் வருங்காலத்தோட முதல் தடவையாப் பேசினேன்.

"வணக்கமுங்க"ன்னு ஒரு குரல். "கம்ப்யூட்டர்ல இருந்ததெல்லாம் அழிச்சுட்டீங்களாமா? அண்ணன் சொல்லுது."

"ஆமாங்க. முடி விஷயங்க. கொட்டுது. நாங்க அனுப்பின போட்டோ மூணு வருஷம் பழசுங்க."

"அது தெரியுமுங்க. போட்டோக்குப் பின்னால ஸ்டுடியோக்காரர் தேதியோட சீல் குத்தியிருக்காருங்க."

பதினேழு டிக் போட்டவனுக்கு போட்டோவைத் திருப்பிப் பாக்கத் தோணலை.

"முடி போனாப் போகுதுங்க"ன்னாங்க. "எங்கப்பாவுக்கும் இல்லீங்க. ஆனா இப்படி அழிக்கறதுதான் எனக்குப் பயமா இருக்குது. நாளைக்கு வேற ஏதாச்சும்னாலும் இதே மாதிரி தொடச்சுட்டு உக்காந்திருப்பீங்களா?"

"மாட்டேங்க. சத்தியமா இனிமே எதையும் மறைக்க மாட்டேங்க."

"அப்பச் செரி. உங்க மெயில் பாஸ்வேர்டு என்னன்னு சொல்லுங்க."

நான் தொங்கின பாலத்தைத் தூக்கி ஒட்டப் பாத்தேன். ஃபேன் விடலை.

"அது... அப்புறம் தனியாச் சொல்லட்டுங்களா?"

முரளியோட கை மறுபடியும் சட்டைய நீவ ஆரம்பிச்சுது. அப்பா பேனாவோட காத்திருக்கார். அம்மா எனக்குக் கண்ணால ஜாடை காட்டறாங்க, சொல்லித் தொலைடான்னு.

சொன்னேன். "சுகன்யா. எல்லாம் சின்ன எழுத்துங்க. அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணு."

அப்பா, என் வாழ்க்கைல முதல் தடவையா, எழுதாம பேனாவை மூடினார். முரளிதான் தாங்க முடியாம, "உலகத்துல இல்லாத பாதுகாப்பெல்லாம் போட்டுட்டு, இதுங்களா பாஸ்வேர்டு? இதைக் கொழந்தை கூட ஒடைக்குமே"ன்னார். தொழில் வருத்தம்.

ஃபோன்ல சுகன்யா கேட்டாங்க. "எப்பங்க வெச்சீங்க?"

"உங்க ரெண்டாவது மெயில் வந்த அன்னிக்குங்க."

அப்புறம், "அண்ணா, அப்பாகிட்ட டிக்கெட்டைக் கேன்சல் பண்ண வேண்டாம்னு சொல்லிரு"ன்னு சொல்லிட்டு பட்டுனு வெச்சுட்டாங்க.

கல்யாணம் ஆச்சு. முடி மிச்சமில்லாமப் போச்சு. பாஸ்வேர்டு மட்டும் அதேதான். இதெல்லாம் பாதுகாப்பே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே, மாத்திடட்டுமான்னு போன வாரம் சுகன்யாகிட்ட கேட்டேன்.

"மாத்தி, யார் பேரை வெக்கப் போறீங்க?"ன்னா.